கைபட்டு விழுந்த சிப்பாய்

பல் செட் செய்பவருக்கும் அவருடைய மச்சானுக்கும் நடந்த போர் முப்பது வருடம் நீடித்தது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பெண் கொடுத்த வீட்டுக்காரர் என்று அவருக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வரைக்கும்தான்.

பத்து மணிக்குப் பல்லுக்காரர் வீட்டுப் பின்னறை மேசையில் பச்சைத் துணி விரியும். பல் அச்சு எடுக்க வாங்கிய மாவில் அவர் செய்த குன்றுகள் அதன்மேல் ஏறும். கட்டைவிரல் உயரத்தில் ஈயச் சிப்பாய்கள், ஆளுக்கு நாற்பது. டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். ஆனால் விளையாடிய நேரத்தைவிட விதிகளுக்காக மல்லுக்கு நின்ற நேரம்தான் அதிகம்.

பல்லுக்காரருக்கு எல்லாம் நிஜம்போல இருக்க வேண்டும். "சேத்துல குதிரை இந்த வேகத்துல ஓடுமா மச்சான்? நீங்க ஓடிக் காட்டுங்க, ஒத்துக்கிறேன்" என்பார். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த மச்சானுக்கு நியாயம்தான் பெரிது. "நிஜமோ பொய்யோ, ரெண்டு பேருக்கும் ஒண்ணா இருக்கணும் மாப்ள." ஒரு பாலத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்ற தகராறில் மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது பல்லுக்காரரின் மனைவிதான். "பொம்மைய வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் என் உயிரை எடுக்குறீங்க!"

அதற்குப் பிறகுதான் அந்த ஏற்பாடு. விதியை மாற்றலாம். ஆனால் மாற்றத்தால் யாருக்குப் பாதகமோ அவர் கையெழுத்தில்தான் அது விதி நோட்டில் ஏற வேண்டும். அப்படிப் பல்லுக்காரர் கையால் ஏறியது ஒன்று: 'கைபட்டு விழுந்த சிப்பாய் செத்தவன்.' அப்போதெல்லாம் அவர் தொளதொளவென்று சட்டை போடுவார். சட்டைக் கை தட்டி ஆட்கள் விழுவார்கள். நிமிர்த்தி வைக்கும்போது விரற்கடை முன்னேறியிருப்பார்கள். டிப்போக் கண்ணை ஏமாற்ற முடியுமா? பல்லுக்காரர் முனகிக்கொண்டே எழுதினார். இப்போது நினைத்தாலும் அவருக்குச் சிரிப்பு வரும். என்ன அருமையான நாட்கள் அவை!

மச்சான் ஓய்வு பெற்ற மறுவருடம் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. மாத்திரைக்கும் அடங்கவில்லை. ஒரு ஞாயிறு, பகடை உருளும் முன்பே, அந்தக் கை தட்டியே மச்சான் படையில் பதினோரு பேர் காலி. ஒவ்வொருவனாக எடுத்து டப்பாவில் போட்டார்.

"விடுங்க மச்சான், நிமிர்த்தி வைங்க."

"நோட்டுல என்ன எழுதியிருக்கு?"

பல்லுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. அந்த வாரமே மச்சானின் சிப்பாய்கள் நிற்கும் மரத் தட்டுகளை அடியில் குடைந்து, லேசில் விழாதபடி ஈயம் ஊற்றி, மேலே சாயம் பூசிவிட்டார். பல் வேலை செய்த கை, ஒட்டுப்போட்டதே தெரியவில்லை.

ஞாயிறன்று மச்சான் ஒரு சிப்பாயைத் தூக்கினார், கீழே வைத்தார். எதிர்ப்பக்கத்தில் ஒருவனைத் தூக்கிப் பார்த்தார்.

"என் ஆளுங்க மட்டும் ஏன் மாப்ள கனக்குறாங்க?"

பல்லுக்காரர் டேப்பை எடுத்து எதையோ அளப்பதுபோல் குனிந்தார்.

"எனக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா? இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கள்ளாட்டம் ஆடினதில்ல நாம." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. போன் செய்த தங்கையிடம், "இனிமே முடியாதும்மா. மாப்பிள்ளைய வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு" என்றார்.

வேறு ஆளா? பல்லுக்காரருக்குக் கோபம் வந்தது, அதோடு அழுகையும் வந்தது. மனைவிதான் சொன்னார்: "போய்ச் சண்டை போடுங்க. பாவம் மட்டும் பாக்காதீங்க. எங்க அண்ணனுக்கு அது ஆகவே ஆகாது."

நோட்டை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். அவர் வலது கையை இடது கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"இந்த விதி நிஜத்துக்கு ஒத்து வராது மச்சான். போர்ல விழுறவன் எல்லாம் சாகுறானா? கால் தடுக்கி விழுவான், குண்டுச் சத்தத்துல படுப்பான். ஒரு சுற்று கிடந்துட்டு எந்திரிச்சுடுவான்."

"முப்பது வருஷமா தோணாதது இப்பத்தான் தோணுச்சா? எனக்காகத்தானே?"

பல்லுக்காரர் பொய் சொல்லத்தான் நினைத்தார், வரவில்லை. "ஆமா, உங்களுக்காகத்தான். நீங்க இல்லாம நான் யார்கூட ஆடுறது? ஆனா நிஜமும் அதுதான் மச்சான்."

மச்சான் இடது கை விரலால் நோட்டைத் தட்டினார்.

"இதுல யாருக்குப் பாதகம்?"

"எனக்கு."

"அப்ப எழுதுங்க."

பல்லுக்காரர் எழுதினார். மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஒரு சுற்று கம்மி. என் பக்கம் சாயுது. ரெண்டு சுற்று கிடக்கட்டும், அதுதான் நியாயம்" என்றவர், நடுங்கும் கையை நீட்டினார். "பேனாவைக் கொடுங்க. இந்தத் திருத்தத்துல பாதகம் எனக்கு."

'ஒரு' என்பதை அடித்துவிட்டு 'இரண்டு' என்று எழுத அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. பல்லுக்காரர் நோட்டைக்கூடப் பிடித்துக் கொடுக்கவில்லை.