அரைவேக்காட்டுக் கறி

வாப்பா மௌத்தான பிறகு, அவருடைய தம்பியான சாச்சாவின் மாட்டுக்கறிக் கடைதான் எங்களுக்கும் சோறு போட்டது. காரைக்கால் மார்க்கெட்டில் சாக்கடையை ஒட்டிய கடை. அண்ணன் மனைவி என்பதால் உம்மாவை ‘மச்சி’ என்பார். உம்மா அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவாள். நாலாவது படித்துக்கொண்டிருந்த நானும் லீவு நாட்களில் கூடப் போவேன்.

அந்த மழைக்காலத்தில் புயலடித்து ஊரெங்கும் கரண்ட் இல்லை. ஃப்ரீசரில் கிடந்த பழைய கறி வெளுத்துப்போயிருந்தது. சாச்சா அதைத் தொட்டித் தண்ணீரில் அலசி, அன்று அறுத்த மாட்டின் ரத்தத்தைப் பூசிச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தார். ஈ மொய்த்த கட்டையைத் துடைத்த துணியிலேயே கையையும் துடைத்தார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

“வாடை அடிக்குது தம்பி. கொட்டிடுங்க” என்றாள் உம்மா.

“வேவ வச்சா எல்லாம் போயிடும் மச்சி. நம்ம வூட்டுக்கு நல்ல கறி தனியா எடுத்து வச்சிருக்கேன்.”

அப்போது எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர் கறி வாங்க வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா; தெருவே ‘சொல்தா ஐயா’ என்று கூப்பிடும். கறியை லேசாக வாட்டி, உள்ளே சிவப்பாக இருக்கும்போதே தின்பது பட்டாளத்தில் வந்த பழக்கம். சாச்சாவுக்கும் அது தெரியும். ரத்தம் பூசி வைத்ததிலிருந்தே வெட்டிக் கட்டினார்.

உம்மா வாயைத் திறந்தாள். சாச்சா அவளைப் பார்த்தார்.

“நல்லா வேவ வச்சு சாப்பிடுங்க ஐயா” என்று மட்டும் சொன்னாள்.

“அதுல என்னம்மா ருசி இருக்கு?” என்று சிரித்தபடி பெரியவர் போனார்.

அந்த வாரமே ரத்தமாகப் பேதியாகி, ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஆம்புலன்சுக்குப் போன் செய்ததும் கூடப் போனதும் சாச்சாதான். பிரான்சிலிருந்து வந்த மகன் சாச்சாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிட்டீங்க” என்று அழுதார்.

“வயசாயிடுச்சுல்ல, ஒடம்பு தாங்கல” என்றார் சாச்சா. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு கடைக்குக் கிளம்பினார்.

உம்மா அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. பிணத்தைப் பார்க்கப் பயம் போலும் என்று நினைத்தேன். நடந்ததைச் சொல்ல வீட்டுக்கு ஓடினேன். அடுப்படியில் சாச்சாவுக்குச் சாப்பாடு எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

“சாச்சா மாதிரி நல்லவங்க கெடையாதுன்னு எல்லாரும் சொல்றாங்க உம்மா.”

என்னை அறைந்தாள். அதற்கு முன் அவள் கை நீட்டியதே இல்லை. பிறகு கேரியரை மூடி என்னிடம் தந்து, ஆறுவதற்குள் கடையில் சாச்சாவிடம் கொடுக்கச் சொன்னாள். நல்ல சேதி சொல்ல வந்த என்னை எதற்கு அடித்தாள் என்று, கன்னம் எரிய, வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.