சும்மா பாட்டில்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பாட்டிலக்கா என்று பெயர். பாட்டில் கழுவத்தான் முதலில் சேர்ந்தாள். அவள் கழுவிய பாட்டிலில் சோப்பு வாடை மிஞ்சாது. ஆளும் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். வெளியே போய் மண்ணும் தண்ணீரும் எடுத்துவர இப்படி ஒருத்திதான் தோது என்று மேடம் அவளை அந்த வேலைக்கு மாற்றினார். பெரும்பாலும் வயலாக இருந்து வீட்டுமனையான இடங்கள். உரம், பூச்சிமருந்து, மோட்டார் எண்ணெய் என்று பூமிக்குள் என்னென்ன ஊறிக்கிடக்கிறதோ, குடிவருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

தண்ணீர் எடுக்கப் போகிற நாளில் அவள் பவுடர் போடமாட்டாள், கைக்குக் கிரீம் தடவமாட்டாள். வண்டிக்கு முந்தின நாளே பெட்ரோல் போட்டுவிடுவாள். கையில் ஒட்டியிருப்பது பாட்டிலுக்குள் போனால் பழி கிணற்றின்மேல் விழும். அவள் கணவர் தையல்காரர். முன்னறையில்தான் மெஷின். "இன்னைக்கு ஒரு வாசனையும் காணோம். ஏதோ கிணத்துக்குத்தான் யோகம்போல," என்பார், துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அந்த வாரம் அந்த யோகம் அவள் தம்பி வீட்டு ஆழ்துளைக் கிணற்றுக்கு. புது வீடு. வயலாக இருந்தபோது டீசல் மோட்டார் கொட்டகை நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே கிணறு போட்டிருந்தார்கள். தம்பி மனைவி பிள்ளை பெற்று அம்மா வீட்டில் இருந்தாள். தண்ணீர் நல்லது என்று தெரிந்தால்தான் பிள்ளையோடு வருவேன் என்று சொல்லிவிட்டாள். பிள்ளையின் முகத்தைத் தம்பி போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தத் தம்பி மனைவிதான் முன்பு ஒருமுறை அவளுடைய ஐஸ் பெட்டியைப் பார்த்து, "என்ன அண்ணி, மீன் விக்கக் கிளம்பிட்டீங்களா?" என்று சிரித்தவள். பாட்டிலக்காவும் சிரித்துவைத்தாள். வீட்டில் வந்து சொன்னபோது கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

தம்பி வீட்டுக்குக் கிளம்பும் காலையில் பார்த்தால் பெட்டி பளிச்சென்று இருந்தது. "தொடச்சேன். உன் தம்பி வீட்டுக்குப் போறியே," என்றார் கணவர். அவளுக்கு நல்ல ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது. ஈரத்துணியால் துடைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

கொட்டகை இருந்த இடத்தில் துளைக்கருவியைத் திருகி மண் எடுத்தாள். குழாயை நெடுநேரம் ஓடவிட்டு, காற்றுக்குமிழி நிற்காதபடி பாட்டில்களை நிரப்பினாள். பெட்டிக்குள் அவற்றோடு சும்மா பாட்டிலும் இருந்தது. ஆய்வுக்கூடத்திலேயே சுத்தத் தண்ணீர் ஊற்றி மூடி அனுப்புவது. கூடவே போய்க் கூடவே திரும்பி வரும், வேறு வேலை கிடையாது. அதற்குள் ஏதாவது ஏறியிருந்தால் அது வழியில் ஏறியது என்று அர்த்தம்.

இரண்டு நாள் கழித்து மேடம் கூப்பிட்டார். "உன் தம்பி வீட்டுத் தண்ணில பெட்ரோல், டீசல் மாதிரி எண்ணெய் சாயல் வருதும்மா. பழைய மோட்டார்லேருந்து கசிஞ்சிருக்கலாம். இன்னும் முடிவா சொல்லல. அதுவரைக்கும் குடிக்க வேணாம்னு சொல்லு."

தம்பிக்கு அவளே போன் செய்து சொன்னாள். "தொட்டில்கூட மாட்டிட்டேன்க்கா," என்றான்.

மறுநாள் மேடம் மறுபடி கூப்பிட்டார். முகம் மாறியிருந்தது. "சும்மா பாட்டில்லயும் அதே எண்ணெய்தான். பெட்டிய எதால தொடச்சே?"

அவளுக்கு நிம்மதியும் வெட்கமும் ஒன்றாக வந்தன. வீட்டுக்கு ஓடினாள். தையல் மெஷினுக்குப் பின்னால் அலமாரியில், கறை எடுக்க வைத்திருக்கும் பெட்ரோல் சீசா. பாதிதான் இருந்தது.

"இதாலயா தொடச்சீங்க?"

"சட்டையில கறை பட்டா இதுதானே கேக்கும்? நல்லா வெயில்ல காயவச்சேனே. ஏன், வாடை அடிச்சுதா?"

பெட்ரோல் ஆவி மூடியைத் தாண்டிப் பாட்டிலுக்குள் ஏறிவிட்டதை அவள் சொன்னாள். திட்டவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அவர் விரல் நுனிகள் தோலுரிந்து சிவந்திருந்தது கண்ணில் பட்டது.

"எவ்வளவு நேரங்க தேச்சீங்க?"

"அந்த மூலையில ஒரு கறை. விடவே மாட்டேன்னுடுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த விரல்களைப் பிடித்துக் கிரீம் தடவிவிட்டாள். அடுத்த நாள் கிணற்று வேலை இருந்ததால், பிறகு தன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

ஆய்வுக்கூடத்துப் புதுப் பெட்டியோடு மறுபடி போய் எல்லாவற்றையும் எடுத்துவந்தாள். முடிவு வந்தது. எண்ணெய் இல்லை. மருந்தும் உரமும் அளவுக்குள்தான். மண்ணும் சுத்தம். சும்மா பாட்டிலிலும் ஒன்றுமில்லை.

தம்பி மனைவி பிள்ளையோடு வந்து இறங்கிய அன்று, ஒரு கிணற்று வேலையை முடித்துக்கொண்டு காலிப் பெட்டியோடு பாட்டிலக்காவும் கணவரும் அங்கே போனார்கள். தம்பி மனைவி, "முதல்ல ஏன் தப்பா வந்துச்சு?" என்று கேட்டாள்.

"பெட்டியில கோளாறு. நான்தான் பாக்காம விட்டுட்டேன்," என்றாள் பாட்டிலக்கா.

"அவ மேல தப்பில்லம்மா," என்று கணவர் குறுக்கிட்டார். "நான்தான் பெட்ரோல் போட்டுத் தொடச்சேன். பெட்டி பாக்க நல்லா இருக்கட்டுமேன்னு."

தம்பி மனைவி பெட்டியைப் பார்த்தாள், பிறகு பாட்டிலக்காவைப் பார்த்தாள். "மீன் பெட்டின்னு நான் சொன்னதுக்காண்ணா?"

அவர் பிடரியைத் தடவிக்கொண்டார். அவள் பிள்ளையைப் பாட்டிலக்காவின் மடியில் கிடத்திவிட்டுக் குழாயடிக்குப் போனாள். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

"நீங்களே குளிப்பாட்டுங்க அண்ணி. உங்க கையிலதான் ஒரு வாசனையும் இல்ல."

திரும்பும்போது வண்டியில் கணவர் கேட்டார்: "பெட்டிக்கு ஒரு உறை தச்சுத் தரட்டுமா? நல்ல கெட்டித் துணி இருக்கு."

"மேடத்தைக் கேட்டுட்டுத் தைங்க," என்றாள்.