புண்ணின் மேல் சம்சு

வாய்ப்புண் மூன்று வாரத்தில் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது விதி. சுகாதார அலுவலகத்தில் இருந்தபோது அந்தச் சுவரொட்டியை நானே ஒட்டியிருக்கிறேன். சுங்கை லாலாங் தோட்டத்தில் இருக்கும் என் மனைவியின் தம்பிக்கு வேறு விதி. நாக்கின் ஓரத்தில் வந்த புண் மேல் படும்படி, தினமும் மாலையில் சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் கன்னம் உப்ப வாயிலேயே வைத்திருப்பான். தோட்டத்தில் பல்வலிக்கும் இதுவே வைத்தியம். துப்புவது மட்டும் வழக்கமில்லை.

"எரியுது மச்சான். எரிஞ்சா கிருமி சாவுதுன்னு அர்த்தம் லா."

"நாலு மாசமா சாகாத கிருமியா? பென்ஷன் வாங்கிட்டுத்தான் போகுமா?"

மறுநாளே அவனைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

"நான் சிகரெட்டே தொட்டதில்ல டாக்டர்," என்றான் பெருமையாக.

"சாராயமே போதும்," என்றார் அவர். வாய், தொண்டை, குரல்வளை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் அபாயத்தை மது தனியாகவே கூட்டும், குடிக்கக் குடிக்க அது ஏறும், புகையும் சேர்ந்தால் இன்னும் மோசம் என்று விளக்கினார். ஸ்கேன் எடுத்து, புண்ணில் ஒரு துணுக்கை ஆய்வுக்கு அனுப்பினார்.

முடிவு வரவில்லை. மருத்துவமனையில் எந்தப் பிரிவை எந்த நேரத்தில் தொலைபேசியில் அழைத்தால் ஆள் எடுப்பார் என்பது எனக்குத் தெரியும். எடுத்தவர்கள் "நாளைக்கு" என்றார்கள். அவன் போத்தலை விட்டுவிட்டான். சோற்றையும் மெல்ல முடியவில்லை.

"மச்சான், நாக்க எடுத்துடுவாங்களா?"

நான் மறுபடியும் ஆய்வுப் பிரிவின் எண்ணை அழுத்தினேன்.

புற்றுநோய்தான், ஆரம்ப நிலை, ஓரத்தை மட்டும் வெட்டினால் போதும் என்ற பதில் தீபாவளிக்கு முந்தின நாள் வந்தது.