சப்பாத்துப் பெட்டியில் ஒரு குடில்

"இந்த வருஷம் கிறிஸ்மஸ் ஒண்ணும் வேணாம்க்கா" என்று தம்பி குமார் முன்பே சொல்லியிருந்தான்.

அவன் மனைவி மேரி இறந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அன்றிலிருந்து அவனும் இரண்டு பிள்ளைகளும் மலாக்கா காஜா பேராங்கில் என் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

ஆனால் நான்கு வயது ஆரோன் தினமும் என்னிடம் கேட்டான். "அத்தை, முருகன் சாமி இருக்கிற வீட்ல ஏசு சாமி பொறக்க மாட்டாரா?"

எனக்கு மறுக்கத் தெரியவில்லை. இன்று, காலணி வாங்கிய பழைய சப்பாத்துப் பெட்டியில் ஏசு பிறக்கும் குடில் செய்தோம். தேங்காய் நார்தான் வைக்கோல். அவன் அக்கா ஜெனி, உப்புப் போட்டுப் பிசைந்த மாவில் ஒரு பாப்பா பிடித்து அதன்மேல் படுக்க வைத்தாள். பாப்பாவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களையும் மாவிலேயே செய்து பக்கத்தில் நிறுத்தினாள்.

ஆயர் குரோவில் வேலை முடிந்து குமார் சீக்கிரமே வந்துவிட்டான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குடிலையே பார்த்தபடி நின்றான். ஜெனி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் செய்யச் சொன்னேன். பிள்ளைங்கள திட்டாத" என்றேன்.

குமார் குனிந்து பாப்பாவைக் கையில் எடுத்தான்.

"உடைக்காதீங்கப்பா!" ஆரோன் அழத் தொடங்கினான்.

"உடைக்கலடா. பாப்பா இன்னும் பொறக்கல. இருபத்து நாலாந்தேதி ராத்திரிதான் வைக்கணும். உங்கம்மா அப்படித்தான் வைப்பா."

எட்டு மாதத்தில் அவன் மேரியைப் பற்றிப் பேசியது இதுவே முதல் முறை. பாப்பாவைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டான்.

விவரம் தெரிந்த தோழிகளே, மூன்று ராஜாக்கள் எப்போது வரவேண்டும் என்று உடனே சொல்லுங்கள். இங்கே மூவரும் முன்னதாகவே வந்து, வெறும் நாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.