வளைத்தால் நின்றுபோகும் மின்சாரம்

காரைக்குடியில் ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த வருடங்களில், அந்த மழைக்காலத்தைப் போல எதுவும் என்னை நசுக்கியதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் தாளின்மேல் டிரான்சிஸ்டர் செய்துகொண்டிருந்தோம். நோயாளியின் தோலில் ஒட்டி இதயத்துடிப்பை அளக்கும் பட்டை அதிலிருந்து வரவேண்டும். மேஜைமேல் தட்டையாகக் கிடக்கும்வரை வேலை செய்யும். கொஞ்சம் வளைத்தால் போதும், மின்னோட்டம் நின்றுவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வற்றிய கண்மாய்த் தரைபோல வெடிப்பு வெடிப்பாகத் தெரியும்.

என்னோடு இருந்தது ஒரே ஒரு ஆய்வு மாணவி. கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, ஒக்கூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ரசாயனத்தை மாற்றினோம், காயவைக்கும் சூட்டைக் குறைத்தோம். எதைச் செய்தாலும் வளைத்ததும் வெடிப்பு விழுந்தது. நிதி தந்தவர்கள் நேரில் பார்க்க வந்தார்கள். ஒருவர் தாளை விரலில் சுற்றினார். மின்னோட்டத்தைக் காட்டும் திரையில் கோடு படுத்துவிட்டது. திட்டத்தை முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாளே, ஆய்வகத்தைக் காலி செய்யும்படி கல்லூரி முதல்வர் சொன்னார்.

"போதும்மா. நீ வேற யாருகிட்டயாவது சேந்துக்க. எனக்குத் தெம்பு இல்ல" என்றேன்.

"நீங்களே இப்படிச் சொல்றீகளே சார்! நான் இனிமே எங்குட்டுப் போவேன்? பிள்ளையக்கூடப் பாக்காம ஓடி வந்தது எதுக்குன்னு வீட்டுல கேப்பாக. என்ன சொல்லுவேன்?"

வராந்தாவுக்குப் போய் மழையைப் பார்த்தபடி நின்றேன். கண்ணீரை அவள் பார்த்துவிடக்கூடாதே என்றிருந்தது.

திரும்பி வந்தபோது, பழைய தாள் ஒன்றைக் கையில் வைத்து வளைத்துக்கொண்டிருந்தாள். வளைக்கும்போது மேல்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் சுருங்கும், நடுவில் இரண்டும் இருக்காது. அதனால் டிரான்சிஸ்டரை இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து முன்பே ஒட்டிப் பார்த்திருந்தோம். ஈரக்காற்றில் பசை பிரிந்துவிட்டது.

"பசையே வேண்டாம் சார். பிளாஸ்டிக்கையே கரைசலா மேல ஊத்தி உறைய வச்சுட்டா?"

நம்பிக்கையில்லாமல்தான் சரி என்றேன். கதவுக்கு வெளியே பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஊற்றினாள், நான் காயவைத்தேன். ஆறியதும் பேனாவில் சுற்றினாள். திரையில் கோடு விழவில்லை. இன்னும் இறுக்கிச் சுற்றினாள். அப்போதும் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகத்தை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் திட்டத்தைத் திரும்பத் தரவில்லை. அன்று கண்டுபிடித்ததை வைத்து அவள் முனைவர் பட்டம் வாங்கினாள். இப்போது திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். ஆய்வகம் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர்களைப் போட்டார்கள். ஓய்வுபெறும்வரை அந்த வழியாக நான் போகவேயில்லை.