பதின்மூன்றாம் எண் வடிகட்டி

ஓரெஸ்ட் ஹ்னாட்டியூக் முப்பத்தாறு வருடம் சரக்கு ரயில்களுக்குச் சக்கரம் பழுது பார்த்தவர். வின்னிபெக்கில் எங்களுக்கு அடுத்த வீடு. மனைவி ஸ்டெஃபானியா இறந்து ஐந்து குளிர்காலம் ஆகிவிட்டது. கடைசிப் பத்து வருடமும் அவளுக்கு மூச்சுத் திணறல். அப்போதெல்லாம் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கு அவர் வாங்கிப் போட்டது, கடையிலேயே மலிவான நீலக் காற்று வடிகட்டி. பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கத்து விளக்கு தெரியும். இதை அவர் ஒரே ஒருமுறை, பனி தள்ளும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

போன கோடையில் வடக்கே காடு எரிந்து ஊரெல்லாம் புகை. கைபேசியில் காற்றின் தரத்தை மணிக்கு நாலு தரம் பார்த்துக்கொண்டிருந்த நான்தான் அவரிடம் சொன்னேன்: "பதிமூணாம் நம்பர் வாங்குங்க. அதுதான் புகைய நிறுத்தும்." எண் ஏற ஏற நுண்ணிய தூசியும் சிக்கும் என்பது கணக்கு. அவர் பன்னிரண்டு வடிகட்டிகள் கொண்ட ஒரு பெட்டியையே காரில் ஏற்றிவந்தார். புகை போயிற்று, பனி வந்தது. அவர் பதின்மூன்றை விடவில்லை.

ஜனவரியில் சுழியத்துக்குக் கீழே முப்பத்தெட்டு டிகிரி. அவருடைய ஃபர்னஸ் பத்து நிமிடம் எரியும், நின்றுவிடும், மறுபடி எரியும். ஒரு காலை முழுக்க எரியவே இல்லை. சமையலறையில் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கால்கரியிலிருக்கும் மகள் லாரிஸாவுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது.

"இன்னொரு தரம் நின்னுதுன்னா அவ்வளவுதானாம்," என்றார் ஓரெஸ்ட். "முதியோர் இல்லத்துல ரூம் சொல்லி வச்சிருக்கா. பிப்ரவரி ஒம்பதாம் தேதிக்கு டிக்கெட்டும் போட்டுட்டா, வீட்டக் காலி பண்ண."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரிப்பேர் பண்ணிடறேன்னேன். இந்த வீட்ட விட்டு நான் எங்க போறது?"

பழுது பார்க்க வந்தவள் மெலனி என்ற பெண். நிலவறையில் சற்று நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு வடிகட்டியை உருவி எடுத்தாள். ஃபர்னஸ் மூச்சு விட்டதுபோல் சத்தம் மாறி, நிற்காமல் ஓடியது.

"முகத்துல தலகாணிய வச்சு அமுக்கிட்டு ஓடுன்னா யாரு ஓடுவா ஐயா? காத்து உள்ள போகல. சூடு உள்ளயே தங்குது. எரிஞ்சு போயிடக் கூடாதேன்னு அது தானா அணைஞ்சுக்குது."

"மோட்டார் கெழடாயிடுச்சு. அதான்."

"மோட்டார் உங்களவிட நல்லா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. "நான்தான் பதிமூணு வாங்கச் சொன்னேன்," என்றேன்.

"புகைக்குச் சரி. புகை போயி நாலு மாசமாச்சே. ஒரு அங்குலத் தடிமன்ல இந்தப் பழைய மெஷின் அத இழுக்காது. எட்டாம் நம்பர் போடுங்க, மாசம் ஒண்ணு மாத்துங்க."

"எட்டு பத்தாது," என்றார் ஓரெஸ்ட்.

"யாருக்குப் பத்தாது? வீட்ல யாருக்காச்சும் மூச்சுக் கோளாறா?"

அவர் உருவிய வடிகட்டியைக் கையில் வாங்கி அதன் அட்டை ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தார். மெலனி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இப்ப யாரும் இல்ல," என்றார்.

"அப்ப எட்டுதான்," என்றாள் அவள், குரலைத் தணித்து. வண்டியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஓரெஸ்ட் அதன் ஓரத்தில் கறுப்புப் பேனாவால் தேதியை எழுதினார். காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி ஃபர்னஸைப் பார்க்கிறதா என்று இருமுறை சரிபார்த்தார். ஆனாலும் உள்ளே தள்ளாமல் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் தள்ளினார்.

நான்கு நாள் ஃபர்னஸ் ஒருமுறைகூட முரண்டு பிடிக்கவில்லை. ஐந்தாம் நாள் மாலை, நான் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், மகளைக் கூப்பிட்டார். அவருக்குக் காது மந்தம் என்பதால் கைபேசியில் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்; அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"நிஜமா நிக்கவே இல்லயாப்பா?"

"ஒரு தரம்கூட இல்ல. தப்பான ஃபில்டர், வேற ஒண்ணும் இல்ல. வேணும்னா இவர்கிட்ட கேளு."

"அப்பாடா. சரி, அங்கயே இருங்க. இல்லத்துல நான் சொல்லிடறேன்."

அவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வீடு அவருக்கே என்றாகிவிட்டது.

"டிக்கெட்டயும் கேன்சல் பண்ணிடறேன்ப்பா. லீவு கெடைக்கறதே பெரும்பாடு. வந்தும் அங்க ஒரு வேலையும் இல்லல்ல?"

கட்டைவிரல் மெல்ல இறங்கியது. "ஆமா," என்றார். "ஒரு வேலையும் இல்ல. ஃபர்னஸ்தான் ஓடுதே."

"ஜூலைல பாக்கலாம்."

"ஜூலைல பாக்கலாம்."

கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். கீழே ஃபர்னஸ் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏறினார். ஆளில்லாத அறைகளுக்கு அவர் சூடு விடுவதில்லை. லாரிஸா வருகிறாள் என்று அவளுடைய பழைய அறையின் சூடான காற்று வரும் துவாரத்தின் தகர மூடியை மட்டும் இந்த வாரம் திறந்து வைத்திருந்தார்.

தகரம் உரசி அது மூடிக்கொள்கிற சத்தம் கீழே எனக்குக் கேட்டது.