பழைய வேன் வாங்கினேன்... ஆட்களோடு!

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை. இன்னும் சரியாக விடியவில்லை. கூடலூர் முக்கில் என் வண்டியின் பின்கதவை யாரோ திறந்தார்கள். தலையில் துண்டு, சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, கையில் தூக்குவாளி... ஏழெட்டுப் பெண்கள் மடமடவென்று ஏற ஆரம்பித்தார்கள்.

"என்னண்ணே, இன்னைக்கு லேட்டு?" என்று ஒரு குரல். அண்ணனா? நான் பெண். அதுவும் முந்தின நாள் சாயங்காலம்தான் அந்த வண்டிக்குச் சொந்தக்காரி ஆனவள். ஆர்.சி. புக்கில் என் பெயர் ஏறுவதற்குள் வண்டியில் ஆள் ஏறிவிட்டது!

இவர்கள் யார்? எங்கே போகிறார்கள்? நான் ஏன் திருதிருவென்று விழிக்கிறேன்? கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் புரியும். எனக்கே முழுசாகப் புரிந்ததா என்றால்... பார்ப்போம்.

எல்லாம் எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், இடது காலால் வந்தது. தோப்பில் மோட்டார் ரூம் படியில் பாசி வழுக்கி விழுந்தார். உள்ளே பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. முட்டி மட்டும் மடங்க மாட்டேன் என்றது. குமுளிக்கு அந்தப் பக்கம் ஒரு மலையாள வைத்தியர் இருக்கிறார், எண்ணெய் போட்டு, பயிற்சி கொடுத்து மெல்ல மெல்ல மடக்கி விடுவார் என்றார்கள். எங்கள் சின்னக் காரில் கூட்டிப்போனோம். மலைப்பாதையில் முதல் வளைவுக்கே அத்தா அலறிவிட்டார். நீட்டிய கால் கதவில் இடித்தது. பாதியில் திரும்பினோம்.

அன்றைக்கு அறைக்குள் போனவர்தான். கட்டிலை விட்டு இறங்கவில்லை. பார்க்க வந்தவர்களைப் பார்க்கவில்லை. காலை யார் தொட்டாலும் கத்தினார், அம்மா தொட்டால் இன்னும் அதிகமாக. சரி, ஆம்புலன்ஸ் வைத்துப் போகலாம் என்றால், "எதுக்கு? நான் உசுரோட இருக்கும்போதே ஊரு கூடி மவுத் எத்தனை மணிக்கு, அடக்கம் எப்பன்னு கேக்கவா?" என்றார்.

வைத்தியருக்குப் போன் செய்தேன். "இந்த மாசமும் விட்டால் பின்னே அது காலல்ல, கம்பு" என்று பாதித் தமிழில் சொன்னார். எனக்கு முழுசாகப் பயம் வந்தது. சந்தைக்கும் பள்ளிவாசலுக்கும் ஒரு நாளில் நாலு நடை நடந்த மனிதர் அவர்.

ஆக, அத்தா காலை நீட்டிப் படுத்தபடி மலை ஏற ஒரு வண்டி வேண்டும். விலை நம் கைக்கு எட்ட வேண்டும். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும்... இரண்டு சேலையில் ஒன்றை எடுக்கச் சொன்னால் இரண்டையும் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடும் ஆள் நான். என்னிடம் போய் வண்டி வாங்கும் பொறுப்பு!

சின்னமனூர் மெக்கானிக் சொன்னார்: "லாரி சேஸ் வச்ச பழைய வேன் வாங்குங்கக்கா. அடியில பூராம் இரும்பு. இப்ப வர்ற வண்டியெல்லாம் தகர டப்பா." சரி என்று தலையாட்டினேன். உத்தமபாளையம் மெக்கானிக் சொன்னார்: "லாரி சேஸா? லீஃப் ஸ்பிரிங் தூக்கிப் போடும்க்கா. காலுக்குப் போற ஆளு முதுகும் போயித் திரும்பி வருவாக." அதற்கும் தலையாட்டினேன். யூடியூபில் ஒருவர் மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டும் தவறு என்றார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்... சொன்னேன். வாட்ஸ்அப்பில் பெரிய சண்டை.

"மச்சான், நீங்களாவது ஒரு முடிவு சொல்லுங்களேன்" என்றேன் வீட்டுக்காரரிடம். "எது நல்ல கலரா இருக்கோ அத வாங்கு" என்று ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்.

கடைசியில் கம்பத்தில் ஒரு வண்டி கிடைத்தது. பாண்டியண்ணன் என்பவர் பல வருஷமாக ஓட்டியது. பழசுதான். ஆனால் பின்னால் எதிரெதிரே நீளவாக்கில் இரண்டு பெஞ்சு சீட்! ஒன்றில் அத்தா தாராளமாகக் காலை நீட்டிப் படுக்கலாம். "அண்ணே, இது வேனா, லாரியா?" என்று கேட்டேன். "லாரிதான் தங்கச்சி. மேல வேன் சட்டை போட்டுருக்கு" என்றார்.

ஓட்டிப் பார்த்தேன். கியர் போடுவது ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் வண்டிக்கு ஒரு திடம் இருந்தது, அதுவும் உண்மை. "ஏத்தத்துல நல்லாப் போகும். எறக்கத்துல முனகும், கண்டுக்கிறாதீக" என்றார் பாண்டியண்ணன். கண்பார்வை மங்கிவிட்டதாம். திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போகிறாராம். சாவியைக் கொடுத்தவர், வண்டியின் மூக்கை ஒரு தட்டுத் தட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும் நான்!

வண்டியை வாசலில் நிறுத்தியதும் அத்தா ஜன்னல் வழியாக வெகு நேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஊர் எழுந்திருக்கும் முன் கிளம்ப வேண்டும். இந்தக் கோலத்தில் தன்னை ஒரு ஈ காக்கா பார்க்கக் கூடாது.

ஆகவே, இருட்டோடு கிளம்பினோம். மச்சானும் தம்பியும் சேர்ந்து அத்தாவைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். அம்மா ஃபிளாஸ்க்கைக் கொடுத்தார். நானும் அத்தாவும் மட்டும். எல்லாம் திட்டப்படி. கம்பம் தாண்டியது, கூடலூர் வந்தது. முக்கில் ஒரு பசு நடுரோட்டில் நின்றது. ஹாரன் அடித்தேன்.

சாதா ஹாரன் இல்லை அது. டிர்ரிர்ரீ... டிரீ... என்று ஏதோ பழைய பாட்டு மாதிரி ஊரையே எழுப்பியது. பசு நகரவில்லை. ஆனால் டீக்கடை ஓரத்திலிருந்தும் சந்துக்குள்ளிருந்தும் பெண்கள் ஓடி வந்தார்கள். மேலே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். இத்தனை வருஷமும் அவர்கள் போய்வந்த வண்டி இதுதான். அந்த ஹாரன்தான் அவர்களுக்கு மணி. வண்டி முழுசாக நிற்பதற்குள் ஏறிவிடுவது பழக்கம். ஓட்டுகிறவர் முகத்தை யார் பார்த்தார்கள்?

ஆள் வருவதைப் பார்த்த அத்தா என்ன செய்தார் தெரியுமா? சட்டென்று போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார்.

முதலில் ஏறியவர் இருட்டில் தடவிப் பார்த்திருக்கிறார். நீளமாக ஒரு கால். அசையவில்லை.

"ஆத்தாடி! பொணம்டீ!"

ஏறியவர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவராக இறங்கினார்கள். ஒரு தூக்குவாளி ரோட்டில் உருண்டது. முக்காடு போட்ட என்னைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா நெஞ்சில் கை வைத்து, மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா... மவுத்தா?"

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"இன்னும் இல்ல!"

 அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள்... பசு நகர்ந்துவிட்டது. போர்வையை விலக்கிப் பார்த்த அத்தாவின் முகத்திலும் ஏதோ ஒன்று அசைந்தது. அதைச் சிரிப்பு என்று சொல்லலாமா? பல மாதமாகப் பார்க்காததால் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

நான் பாண்டியண்ணனுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அண்ணே, வண்டியில ஆளு ஏறுறாகண்ணே!"

"ஏறிட்டாகளா?" குரலில் அப்படி ஒரு நிம்மதி. "பஞ்சவர்ணம் ஏறிருச்சா? கம்பியப் பிடிச்சு நிதானமாத்தான் ஏறும். அதுவரைக்கும் வண்டிய நகத்திராதீக."

"வண்டிய எனக்கு வித்துட்டீகண்ணே!"

"ஆமா தங்கச்சி. அவுககிட்ட அதச் சொல்லத்தான் சனிக்கிழமை வாயத் தெறந்தேன். அந்த நேரம் பார்த்து பஞ்சவர்ணம் பணியாரத்தக் கையில குடுத்துருச்சு. அதத் தின்னுக்கிட்டே எப்படிச் சொல்லச் சொல்றீக?"

 போனை வைத்துவிட்டு அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் மற்ற ஜீப்புகள் எல்லாம் முன்னாடியே போய்விட்டன. பஸ் பிடித்து, இறங்கி நடந்து போனால் நேரமாகிவிடும். நேரமானால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு நாள் வேலை போகும். நெஞ்சில் கை வைத்த அந்த அம்மாதான் பஞ்சவர்ணம். "பரவால்லம்மா. சீக்காளிய வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ? போயிட்டு வா" என்றார்.

ஒருவர் ரோட்டில் உருண்ட வாளியை எடுத்துத் துடைத்தார்.  ஏற்றினால் அத்தாவுக்கு வலிக்குமே... முகம் பார்க்கக் கூசுகிற மனிதரை இத்தனை பேர் நடுவில் எப்படிக் கொண்டுபோவது? திரும்பி விடுவாரே! ஏற்றாவிட்டால் இவர்கள்?

"ஏம்மா, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற?" பின்னாலிருந்து அத்தா. "ஏறச் சொல்லு. ஆனா ஒருத்தரும் காலத் தொடப்படாது."

ஏறினார்கள். எதிர் சீட்டில் நெருக்கியடித்து நாலு பேர். கீழே சாக்கு விரித்து மூன்று பேர். பஞ்சவர்ணம் அக்கா அத்தாவின் கால்மாட்டில் கிடைத்த இடத்தில். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியது வண்டி. சொன்னபடி ஏற்றத்தில் நன்றாகத்தான் போனது.  முதல் வளைவு வந்தது. அலறல் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன்.

வரவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். அத்தாவின் கால் பஞ்சவர்ணம் அக்காவின் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் அசையாமல் பிடித்திருந்தார். "வேணாம்மா... வேணாம்மா" என்று அத்தா நெளிந்துகொண்டிருந்தார்.

"சும்மா கெடங்க ராவுத்தரே. ஏலக்கா மூட்டைய வச்சுக்கிட்டுப் போற மடிதான."

அதற்கப்புறம் அத்தா பேசவில்லை. பேசவில்லை என்றால் அடுத்த வளைவு வரைக்கும்தான். பிறகு பேச ஆரம்பித்தவர் குமுளி வரை நிறுத்தவில்லை. தோப்பில் விழுந்த கதையை அவர்களுக்குச் சொன்னார். தக்காளிச் செடியைக் கொத்திய மயிலை விரட்டி ஓடி, தடுக்கி விழுந்தாராம்! மயிலா? எங்களிடம் பாசி என்றல்லவா சொன்னார்? பெற்ற மகளுக்கு ஒரு கதை, ஏறிய ஆட்களுக்கு ஒரு கதையா? எது நிஜம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மயில் கதையில் அவர் குரல் நன்றாக இருந்தது.

தோட்டத்து கேட் மூடுவதற்குள் கொண்டுபோய் விட்டேன். இறங்கியதும் ஒரு பெண் ஜன்னலோரம் வந்து, வெகு இயல்பாகக் கேட்டார்: "சாயந்தரம் எத்தனை மணிக்கு வருவீக?"

நான் 'அது வந்து...' என்று இழுத்தேன். உள்ளேயிருந்து அத்தா, "நாலு மணிக்கு இங்கனயே நிப்போம்" என்றார்.

நிற்போமா? யாரைக் கேட்டு? ஆனால் நின்றோம். எண்ணெய் போட்டால் மூன்று மணி வரை படுத்திருக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டதால் நேரமும் சரியாக இருந்தது. மறுநாள் விடியுமுன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "ஏம்மா, கெளம்பலையா? அவுக காத்துக்கிட்டு இருப்பாக" என்றவர், கதவைக்கூடத் திறக்க விடாத அதே மனிதர்தான். தலை வாரியிருந்தார். அத்தர் வாசனை வேறு! அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதற்கிடையே ஊரில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். வெள்ளை போர்டு போட்ட சொந்த உபயோக வண்டியில் இப்படி ஆள் ஏற்றலாமா? காசு வாங்கவில்லையே என்றேன். வாங்காவிட்டாலும் தப்பு என்று ஒருவர், வாங்கினால்தான் தப்பு என்று இன்னொருவர். இந்தப் பத்தியைப் படிக்கிற வக்கீல் யாராவது இருந்தால் தயவுசெய்து ஒரே பதிலாகச் சொல்லுங்கள். இரண்டு சொன்னால் எனக்குத் தாங்காது.

வலி சும்மா விட்டதா? இல்லை. பயிற்சி மேஜையில் அத்தா கத்தியதை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். சில நாள் நானே போதும் என்று நினைத்தேன். அவர் நினைக்கவில்லை. "இன்னைக்கு எம்புட்டு மடங்குச்சு ராவுத்தரே?" என்று சாயந்தரம் வண்டியில் ஏறும்போதே கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே!

இந்த வாரம் முட்டி மடங்கியது. நன்றாகவே மடங்கியது. கம்பு ஊன்றி வைத்தியரின் அறைக்குள் தானே நடந்து போனார்.  வைத்தியர் காலைத் தட்டிக்கொடுத்து, "மதி, போதும். இனி மலை ஏறி வர வேண்டா. பயிற்சி வீட்டிலே செய்தால் போதும்" என்றார்.

அத்தா சந்தோஷப்படவில்லை.  வலது காலை மெல்ல மேஜை மேல் தூக்கி வைத்தார்.

"வைத்தியரே... கொஞ்ச நாளா இதுவும் லேசாப் பிடிக்கிற மாதிரி இருக்கு."

பச்சைப் பொய். வைத்தியரிடம் நான் மூச்சு விடவில்லை!